லாகோஸ் நகரம் யாருடையது?

ஒரு குடும்பத் தலைவனை அழைத்து, உன் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறோம். ஒன்பது பேராகவும் இருக்கலாம், பதினேழு பேராகவும் இருக்கலாம் என்று அவன் விடை கூறுவானாயின், அக்குடும்பம் எவ்வாறு நடைபெறுகிறதோ என்று நாம் திகைப்போம் அல்லவா? ஆப்பிரிக்கா கண்டத்தின் மேற்குக் கரையில், நைஜீரியா தேசத்திலுள்ள லாகோஸ் மாநகரத்தின் நிலைமை இதுவே. 2006-ம் வருஷத்தில் அத்தேசத்தில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது, லாகோஸ் மாகாணத்தில் வசிப்போர் சுமார் 91 லக்ஷம் என்று மத்திய சர்க்கார் வெளியிட்டது. அதே காலத்தில் தானே கணக்கெடுத்த மாகாண சர்க்கார், இல்லை, 1 கோடியே 75 லக்ஷம் என்றது. இரண்டு கணக்குகளுக்கும் இடையே காணாமற் போனவர் 84 லக்ஷம் பேர்! அடுத்த கணக்கு 2023-ல் எடுப்பதாக இருந்து ஒத்திவைக்கப்பட்டது.

இது வெறும் எண் விளையாட்டு என்று நேயர்கள் எண்ணலாகாது. நைஜீரியாவில் மத்திய வருமானத்தை மாகாணங்களுக்குப் பங்கிடுவதில் தலைக்கணக்கு ஒரு முக்கியமான அளவுகோல். சட்டசபை ஸ்தானங்களுக்கும் அதுவே ஆதாரம். கணக்கில் வராத மனிதனுக்குப் பணமும் இல்லை; பிரதிநிதியும் இல்லை. 2100-ம் வருஷத்தில் லாகோஸில் 8 கோடிக்கு மேற்பட்டோர் வசிக்கக்கூடும் என்று கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2014-ல் மதிப்பிட்டனர். அத்தனை தூரம் போவானேன்? இன்று அங்கே இருப்பவர் எத்தனை பேர் என்பதிலேயே ஒற்றுமை இல்லாதபோது, நாளைக்குப் பிறக்கப்போகிறவரைக் கண்டு அஞ்சுவதில் பயன் யாது?

இந்நகரைப் பற்றி எழுதும் மேனாட்டார் பெரும்பாலும் இரண்டு பல்லவிகளையே பாடுகின்றனர். ஜனப்பெருக்கம் பிரளயம் போல் வந்து நகரை மூழ்கடித்துவிட்டது என்பது ஒன்று. அந்த நெரிசலே ஓர் அற்புதம், அதுவே நாளைய உலகம் என்பது மற்றொன்று. நமது கருத்தில் இரண்டும் விஷயத்தின் வேரைத் தொடவில்லை. லாகோஸின் வியாதி ஜனங்கள் மிகுந்ததன்று. அந்நகரைத் தம் உழைப்பால் கட்டியவர்களுக்கு அதன் மண்ணில் சட்டப்படி கால் ஊன்ற இடமில்லாமற் போனதே அதன் வியாதி. அந்நியர் ஆட்சியில் வாதாடி வென்ற உரிமை, சுய ஆட்சியில் எவ்வாறு கை நழுவியது என்பதையே நாம் இங்கே விவரிக்க விரும்புகிறோம்.

பீரங்கியின் முன் எழுதிய சாஸனம்

யொருபா ஜனங்கள் தங்கள் நகரத்தை எகோ என்றே அழைக்கின்றனர். லாகோஸ் என்பது போர்த்துகேசியர் இட்ட பெயர். ஏரிகள் என்று அதற்குப் பொருள். உப்பங்கழிகளுக்கும் கடலுக்கும் இடையே கிடந்த ஒரு சிறு தீவே ஆதி நகரம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கே அடிமை வியாபாரம் பெருகிற்று. அதை ஒழிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, 1851 டிசம்பரில் ஆங்கிலக் கடற்படை நகரின்மீது குண்டு வீசி, கொஸோகோ என்ற அரசரைத் துரத்தி, தனக்கு இசைந்த ஒருவரைச் சிங்காதனத்தில் அமர்த்தியது. அடிமை வியாபாரம் கொடிது. அதை ஒழிப்பது அறம். இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அறத்தின் பெயரால் வந்த கப்பல் திரும்பிப் போகவில்லை. பத்து வருஷம் கழித்து, 1861 ஆகஸ்டில், டோசுன்மு அரசரை ஒரு சாஸனத்தில் கையொப்பமிடச் செய்தனர். பீரங்கிக் கப்பல் துறைமுகத்திலேயே நின்றுகொண்டிருந்தது. லாகோஸ் தீவு ஆங்கில முடிக்குச் சொந்தமாயிற்று. அரசருக்கு வருஷாந்தரப் பென்ஷன் கிடைத்தது. இத்தகைய சாஸனங்களின் சுவை நம் தேசத்தாருக்குப் புதியதன்று.

தீவின் ஆட்சி கைமாறியது சரி. அம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழுதும், மீன் பிடித்தும், வீடு கட்டியும் வாழ்ந்த குடும்பங்களின் நிலமும் கைமாறியதா? இந்தக் கேள்வியே அறுபது வருஷத்துக்குப் பிறகு லண்டன் நகரில் நியாயாதிபதிகளின் முன் வந்து நின்றது.

இரண்டு வழக்குகள்

தீவுக்கு எதிர்க்கரையில் அபாபா என்றோர் இடம் உண்டு. நைஜீரியாவின் பிரதான துறைமுகங்களுள் ஒன்று இன்று அங்கேதான் இருக்கிறது. 1913-ல் பொதுக் காரியத்துக்கென்று சர்க்கார் அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. அந்நிலத்துக்குரிய ஒலுவா குலத் தலைவர் அமோடு டிஜானி நஷ்டஈடு கோரினார். உள்ளூர்க் கோர்ட்டார், தலைவருக்கு உள்ளது மேற்பார்வை உரிமையே அன்றி நிலவுரிமை அன்று எனக் கூறிக் கையை விரித்தனர். வழக்கு பிரிவி கவுன்ஸிலுக்குச் சென்றது. 1921-ல் ஹால்டேன் பிரபு தீர்ப்புக் கூறினார். ஒரு நாட்டின் ஆட்சி கைமாறியதனால் மட்டும் அந்நாட்டாரின் நிலவுரிமை அழிந்துபோவதாகக் கருதக்கூடாது. அங்கே நிலம் தனி மனிதனுடையதன்று, சமூகத்தினுடையது, ஆயினும் அது முழு உரிமையே. ஆகவே முழு நஷ்டஈடும் கொடுத்தாகவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கின்பொருட்டுத் தலைவருடன் லண்டன் சென்றவர் ஹெர்பர்ட் மெக்காலே. நம் நாட்டில் ஆங்கிலக் கல்வியைப் புகுத்திய மெக்காலேக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் லாகோஸிலேயே பிறந்த கறுப்பர், நில அளவை கற்றவர், பத்திரிகை நடத்தியவர், அதனால் சிறையும் சென்றவர். 1923-ல் நைஜீரிய தேசீய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவரும் இவரே. அங்கே தேசீய இயக்கம் ஒரு துண்டு நிலத்தைப் பற்றிய வழக்கிலிருந்து வலுப்பெற்றது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது வழக்கு இன்னும் பெரியது. அரண்மனையின் தலைவர் எஷுக்பாயி எலெகோ, சர்க்காரின் சொற்படி நடவாததற்காக 1925-ல் நாடு கடத்தப்பட்டார். அவர் ஆட்கொணர்வு மனுச் செய்துகொண்டார். கவர்னரின் உத்தரவே போதும், கோர்ட்டார் தலையிடலாகாது என்று சர்க்கார் வாதித்தது. 1931-ல் பிரிவி கவுன்ஸிலில் அட்கின் பிரபு அதை மறுத்தார். தான் செய்தது சட்டத்துக்கு இசைந்தது என்று கோர்ட்டில் நிரூபித்தாலன்றி, எந்த அதிகாரியும் ஒரு பிரஜையின் உடலையோ பொருளையோ தொடமுடியாது. அதிகாரியின் முகத்துக்கு அஞ்சி நியாயாதிபதிகள் ஒதுங்கவும் கூடாது என்றார். எலெகோ லாகோஸுக்குத் திரும்பினார்.

நம் தேசத்து வக்கீல்கள் இவ்வழக்கை நன்கு அறிவார்கள். அவசர நிலையின்போது, 1976-ல், நம் சுப்ரீம் கோர்ட்டில் நடந்த ஆட்கொணர்வு வழக்கிலும் இது எடுத்து விவாதிக்கப்பட்டது. ஐவரில் நால்வர் சர்க்கார் பக்ஷம் சாய்ந்தனர், ஹெச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று நம் சுப்ரீம் கோர்ட்டே 2017-ல் ஒப்புக்கொண்டது. ஆகவே லாகோஸின் கதையை யாரோ அயலாருடைய கதையென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

ஜனங்கள் வந்த வழி

1931-ல் லாகோஸின் ஜனத்தொகை 1,26,000. 1950-ல் 2,30,000. 1963-ல் நகர எல்லைக்குள் மட்டும் 6,65,000. அதன் பின் நகரம் எல்லை கடந்து, தீவை விட்டுப் பெருநிலத்தில் பரவி, அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் விழுங்கியது. இன்று ஒன்றரைக் கோடி என்பாரும் உளர். இரண்டு கோடி என்பாரும் உளர். இத்தனை பேரும் வசிக்கும் மாகாணம், நைஜீரியாவின் மாகாணங்களுள் பரப்பில் மிகச் சிறியது. 3,577 சதுர கிலோமீட்டர். அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்.

இவர்கள் ஏன் வந்தார்கள்? துறைமுகமும் ரயிலும் அங்கே இருந்தன. 1914 முதல் அக்காலத்தில் தலைநகரமும் அதுவாகவே இருந்தது. ஆகையால் பிழைப்பும் அங்கே இருந்தது. 1960-ல் சுதந்திரம் வந்தது. 1967 முதல் 1970 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. பின்னர் 1973-ல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியதால் நைஜீரியாவில் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. அந்தப் பணத்தின் போக்குக்கு ஒரு திருஷ்டாந்தம் கூறுகிறோம். 1975-ல் ராணுவ சர்க்கார் சுமார் 2 கோடி டன் சிமெண்டுக்கு உத்தரவு கொடுத்துவிட்டது. லாகோஸ் துறைமுகமோ வருஷத்தில் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் இறக்கவல்லது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் வரிசையாய் நின்றன. சிமெண்டு இறுகிப் போயிற்று. காத்திருந்த கப்பல்களுக்குத் தினந்தோறும் தண்டமும் கொடுக்கவேண்டியதாயிற்று. எண்ணெயால் கிராமத்து விவசாயம் நலிந்தது. பட்டணத்துச் செலவு பெருகியது. உழவன் மகன் பட்டணத்தை நோக்கி நடந்ததில் வியப்பென்ன?

வந்தவர்களுக்கு வீடு கட்டித் தருவார் யாருமில்லை. அந்நியர் காலத்திலேயே வீட்டு விஷயம் வியாதிக்கு அஞ்சித்தான் கவனிக்கப்பட்டது. 1924-ல் பிளேக் நோய் கண்டது. அதன் விளைவாக 1928-ல் நகர அபிவிருத்தி போர்டு ஏற்பட்டது. சேரிகளை இடிப்பதே அதன் முதல் வேலை. 1955-ல் தீவின் மத்தியிலிருந்த வீடுகளை இடித்து, குடிகளைச் சுருலெரே என்ற தூரத்துப் பேட்டைக்கு அனுப்பினர். பீட்டர் மாரிஸ் என்ற ஆங்கிலேயர் அக்குடும்பங்களை நேரில் கண்டு ஆராய்ந்து, 1961-ல் ஒரு நூல் வெளியிட்டார். புது வீடு நல்ல வீடுதான். ஆனால் கடை போயிற்று, வாடிக்கை போயிற்று, ஆபத்துக்கு உதவும் உற்றார் உறவினர் தூரமாயினர் என்று அவர் கண்டார். சுவரையும் கூரையையும் அளந்த அதிகாரிகள், அவற்றினுள் நடந்த ஜீவனத்தை அளக்க மறந்தனர்.

எல்லாம் ஒரு கையெழுத்தில்

இப்பொழுது கதையின் கருவுக்கு வருகிறோம். 1978 மார்ச்சில் நைஜீரிய ராணுவ சர்க்கார் நில உபயோகச் சட்டம் என்றொரு சட்டம் பிறப்பித்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் உள்ள நிலம் அனைத்தும் அம்மாகாணத்துக் கவர்னரின் பொறுப்பில், ஜனங்களின் நன்மைக்காக, ஒப்படைக்கப்படுவதாக அது கூறுகிறது. நோக்கம் கேட்பதற்கு இனிதே. பெருந்தனவந்தர் நிலத்தைச் சுருட்டிவிடாமல் தடுக்கலாம். சர்க்கார் வேலைகளுக்கு எளிதில் நிலம் பெறலாம். ஆனால் பலன் வேறாயிற்று. பட்டணத்தில் நிலம் வைத்திருப்பவனுக்குக் கவர்னரின் பத்திரம் வேண்டும். விற்கவும் அடமானம் வைக்கவும் கவர்னரின் சம்மதம் வேண்டும். இதற்கு ஆகும் காலமும் செலவும் ஏழைக்கு எட்டாதவை. ஆகவே பெரும்பாலான குடிகள், பழைய குடும்பங்களிடம் பணம் கொடுத்து, சாக்ஷி வைத்து, நிலம் வாங்கியும், சட்டத்தின் கண்ணில் பத்திரமில்லாதவராயினர்.

இன்னொன்றும் உண்டு. பொதுக் காரியத்துக்காக நிலம் எடுக்கப்படின், அதன்மேல் உள்ள கட்டிடத்துக்கும் பயிருக்கும் நஷ்டஈடு உண்டு. வெறும் மண்ணுக்கு, அந்த வருஷம் கட்டிய வாடகையைத் தவிர, ஒன்றும் இல்லை. நேயர்கள் இதை 1921-ம் வருஷத் தீர்ப்போடு வைத்துப் பார்க்கவேண்டும். அந்நிய நியாயாதிபதி, மண் உங்களுடையது, அதற்கு முழு விலை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். சொந்தச் சட்டமோ, மண் கவர்னரிடம் இருக்கிறது, ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் விலை பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறது. இச்சட்டத்தை அரசியலமைப்பினுள்ளேயே பதித்துவிட்டதால், சாதாரண முறையில் திருத்தவும் இயலாது.

இதனால் அந்நிய ஆட்சியே மேல் என்று நாம் கூறுவதாக எவரும் திரிக்கவேண்டாம். 1861-ல் பீரங்கி வைத்து நாட்டைப் பிடித்தவரும் அவரே. 1913-ல் நிலத்தை எடுத்தவரும் அவரே. உரிமை தானமாக வந்ததன்று. டிஜானியும் மெக்காலேயும் போராடிப் பெற்றது. நாம் வருந்துவது, போராடிப் பெற்றதைப் பெற்றவரின் சந்ததியாரே பறிகொடுத்தனரே என்பதற்குத்தான்.

மரோகோவின் கதி

இச்சட்டத்தின் கீழ் ஏழையின் வீடு எத்தனை இலேசானது என்பதற்கு மரோகோவே சாக்ஷி. செல்வர் வசிக்கும் விக்டோரியா தீவின் பக்கத்தில் இருந்த பேட்டை அது. வண்டிக்காரரும், தச்சரும், வீட்டு வேலைக்காரரும், சிறு உத்தியோகஸ்தரும் வசித்தனர். தாழ்ந்த நிலம், கடல் வந்து மூழ்கடிக்கும், சுகாதாரக் கேடு என்று காரணம் கூறி, 1990 ஜூலையில் ராணுவ கவர்னர் ராஜி ரஸாகி அதைக் காலி செய்ய உத்தரவிட்டார். கொடுத்த அவகாசம் ஏழு நாள். ஜூலை 14-ந்தேதி ராணுவக் காவலுடன் இடிக்கும் யந்திரங்கள் வந்தன. வீடிழந்தோர் சுமார் 3 லக்ஷம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. மிகச் சிலருக்கே மாற்றிடம் கிடைத்தது. அதுவும் கட்டி முடியாத வீடுகள்.

பின்னர் அந்நிலம் என்னவாயிற்று? மணல் கொட்டி மேடாக்கினர். செல்வரின் மாளிகைகள் எழுந்தன. ஏழை வாழ்ந்தபோது கடல் மூழ்கடிக்கும் பூமியாயிருந்தது, செல்வன் குடியேறியவுடன் நகரத்தின் விலையுயர்ந்த பூமிகளுள் ஒன்றாயிற்று! தாழ்ந்தது நிலமா, நியாயமா என்று நாம் கேட்கிறோம்.

அன்றாட ஜீவனம்

இடிக்கப்படாதவர் எவ்வாறு வாழ்கின்றனர்? ஒரே நடையின் இருபுறமும் எதிரெதிரே அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடுப்பங்கரையும் ஒரு கழிப்பிடமும். இத்தகைய வீட்டுக்கு, நீ என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன் என்று அவ்வூரார் பரிகாசப் பெயர் வைத்திருக்கின்றனர். அந்த அறைக்கும் ஒரு வருஷத்து வாடகையை, சில சமயம் இரண்டு வருஷத்து வாடகையை, முன்கூட்டியே வைத்தால்தான் சாவி கிடைக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்று 2011-ல் சட்டம் செய்தனர். வீட்டுக்காரரில் அதைப் பொருட்படுத்துவோர் சிலரே.

தண்ணீர் விஷயம் ஒரு சரித்திரமே. 1908-லும் 1916-லும் லாகோஸ் ஜனங்கள் தண்ணீர் வரியை எதிர்த்துத் திரண்டனர். வெள்ளையரின் சௌகரியத்துக்காக வரும் குழாய்க்கு நாங்கள் ஏன் வரி கொடுக்கவேண்டும் என்பது அன்றைய கேள்வி. நூறு வருஷத்துக்கு மேல் சென்ற பின்னும், குழாய்த் தண்ணீர் பெறுவோர் அந்நகரில் சிறுபான்மையோரே. மற்றவர் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொள்கின்றனர். அல்லது தள்ளுவண்டிக்காரனிடம் டின் கணக்கிலும், கடையில் சிறு பைகளில் அடைத்த தண்ணீராகவும் வாங்குகின்றனர். குழாய் உள்ளவனைவிடக் குழாய் இல்லாதவனே தண்ணீருக்கு அதிக விலை கொடுக்கிறான். மின்சாரமும் அப்படியே. எண்ணெய் விளையும் தேசத்தின் தலையாய நகரில், வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, பெட்ரோல் ஊற்றி ஓட்டும் மின்சார யந்திரம் இரைகிறது. 2023 மே மாதம் பெட்ரோலுக்கு அளித்துவந்த மானியம் நின்றதும், லிட்டர் 190 நைரா அளவில் இருந்த விலை 500-க்கு மேல் தாவியது. அன்று அந்நகரத்துத் தையற்காரனின் வயிற்றிலும், பஸ் ஏறும் கூலிக்காரனின் வயிற்றிலும் ஒருங்கே அடி விழுந்தது.

இத்தனை இடர்களுக்கிடையே அவர்கள் சோம்பி இருக்கவில்லை. மஞ்சள் நிற டான்போ வண்டிகள் விடியுமுன் புறப்படுகின்றன. பாலோகன் சந்தையில் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் துணி விற்கிறது. சினிமாவில் உலகத்தின் பெரிய உற்பத்தி ஸ்தலங்களுள் ஒன்று லாகோஸ். சர்க்கார் கொடுக்காத வீடு, தண்ணீர், விளக்கு, வண்டி ஆகிய அனைத்தையும் ஜனங்கள் தாமே உண்டாக்கிக்கொண்டனர். நகரத்தைக் கட்டியவர் யார் என்ற வழக்கில் இதைவிடச் சாக்ஷியம் வேண்டுவதில்லை.

இயலாது என்பது பொய்

சர்க்காரால் ஒன்றும் செய்ய இயலாது என்று சொல்வோர் உண்டு. அது பொய். 1979 முதல் 1983 வரை லாகோஸின் கவர்னராயிருந்த லதீப் ஜகாண்டே ஒரு பத்திரிகாசிரியர். எளியோருக்கு மலிவான வீடுகள் ஆயிரக்கணக்கில் கட்டினார். நகர ரயிலுக்கும் அஸ்திவாரம் போட்டார். 1983 கடைசியில் ராணுவப் புரட்சி வந்தது. ஆட்சியேற்ற முகம்மது புஹாரியின் சர்க்கார் 1985-ல் ரயில் திட்டத்தை ரத்து செய்தது. ஒப்பந்தத்தை முறித்ததற்குப் பெருந்தொகை தண்டமும் கொடுத்தது. காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! தேர்தலில் வென்று மீண்டும் தேசத்தின் தலைவரான அதே புஹாரிதான், 2023 ஜனவரியில், லாகோஸின் முதல் நகர ரயிலைத் திறந்துவைத்தார். 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் அவ்வருஷம் செப்டம்பரில் ஜனங்கள் ஏறினர். இடையில் வீணானது ஒரு தலைமுறை.

1999-ல் ஜனநாயகம் திரும்பியபோது மாகாணத்தின் சொந்த வரி வருமானம் மாதம் 60 கோடி நைரா அளவில் இருந்தது. பதினைந்து வருஷத்துக்குள் அது 2,000 கோடியைத் தாண்டியது. நாணயத்தின் மதிப்புக் குறைவைக் கழித்தாலும் இது பெரிய மாறுதலே. உள்ளூர்ச் சபைகளுக்குரிய பணத்தை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தபோது, லாகோஸ் 2004-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்று, ஜனாதிபதிக்கு அவ்வதிகாரம் இல்லை என்று தீர்ப்பும் பெற்றது. 2008-ல் பஸ்களுக்கெனத் தனிப் பாதை வகுத்தது. 2014 ஜூலையில் எபோலா என்னும் கொடிய ஜுரம் ஆகாய விமானத்தில் வந்து லாகோஸில் இறங்கியபோது, உலகமே நடுங்கியது. அந்த நெரிசலில் நோய் பரவினால் என்ன ஆகும்! ஆனால் நோயாளியோடு பழகிய சுமார் 900 பேரை வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடித்து, நாள்தோறும் பார்த்துவந்தனர். தேசம் முழுவதிலும் 20 பேருக்கு நோய் கண்டது. 8 பேர் மாண்டனர். அக்டோபரில் நோய் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. வீட்டைத் தேடிக் காப்பாற்றப் போகும் சர்க்காருக்கு வழி தெரிந்திருக்கிறது. எண்ணுவதற்கும், பத்திரம் கொடுப்பதற்கும் போகும்போது மட்டும் வழி மறந்துவிடுவது ஏன்?

கடலும் கரையும்

1908 முதல் 1912 வரை, கப்பல்கள் இலேசாய் உள்ளே வருவதற்காக, துறைமுக வாயிலில் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டினர். அக்கடலில் மணல் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வது இயற்கை. சுவர் அதை மறித்தது. மேற்கே மணல் மேடிட்டது. கிழக்கே விக்டோரியா தீவின் கரையைக் கடல் வருஷந்தோறும் அரித்தது. ஒரு நூற்றாண்டின் அரிப்பைத் தடுக்கவென்று தொடங்கியதே எகோ அட்லாண்டிக் என்னும் புது நகரத் திட்டம். கடலைத் தூர்த்து 10 சதுர கிலோமீட்டர் நிலம். அதைக் காக்க 8.5 கிலோமீட்டர் மதில். உள்ளே வானளாவிய மாளிகைகள். மதிலுக்குக் கிழக்கேயுள்ள சிற்றூரார், இப்பொழுது கடல் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று புகார் கூறுகின்றனர்.

பெருநிலத்தின் விளிம்பில், உப்பங்கழி நீரில் கால் நட்டு, மரவீடு கட்டி வாழ்கின்றனர் மகோகோ மீனவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருந்துவரும் குடியிருப்பு அது. மீனைப் புகையிட்டு நகரத்துக்கு அனுப்புவோர் அப்பெண்டிர். 2012 ஜூலையில் 72 மணி நேர அவகாசம் கொடுத்து அங்கும் வீடுகளை வெட்டிச் சாய்த்தனர். கடலைத் தூர்ப்பவனுக்குப் பத்திரம் கிடைக்கிறது. கழியின்மேல் வாழ்பவன் அத்துமீறியவன் என்று பெயர் பெறுகிறான். நீரில் வீடு கட்டுவது குற்றமாயின், இருவருக்கும் குற்றமாக வேண்டாவோ?

தீர்ப்பு வந்தது, வீடு வரவில்லை

லெக்கி என்ற பகுதியில் ஒடோடோ பாமே என்று ஒரு மீனவர் குப்பம் இருந்தது. 2016 நவம்பரில், குப்பங்களை இடிக்கலாகாது என்று ஹைகோர்ட்டின் தடை உத்தரவு பிறந்த சில நாட்களுக்குள், தீயும் யந்திரமும் அக்குப்பத்தை அழித்தன. 2017 மார்ச்சிலும் ஏப்ரலிலும் எஞ்சியவரையும் துரத்தினர். சுமார் 30,000 பேர் போக்கிடமற்றனர். ஜூன் மாதம் லாகோஸ் ஹைகோர்ட், முன்னறிவிப்பும் மாற்றிடமும் இன்றி இடித்தது மனிதத் தன்மையற்ற செயல், அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்புக் கூறிற்று. எலெகோவின் வாரிசுகள் மறுபடியும் வென்றனர். ஆனால் எலெகோ தீர்ப்பைப் பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பினார்; இவர்கள் திரும்புவதற்கு ஊர் இல்லை.

இதுவே நாம் நேயர்களின் சிந்தைக்கு வைக்க விரும்பும் விஷயம். சட்டம் வென்றும் குடியானவன் தோற்பது எங்கே? கோர்ட்டின் உத்தரவை நிறைவேற்றவேண்டிய கையே இடிக்கும் யந்திரத்தை ஓட்டும் கையாய் இருக்கும் இடத்தில். நிலம் அனைத்தும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவரே எதிரியும், அவரே அமீனாவுமாய் இருக்கும்போது, நியாயாதிபதியின் பேனாவுக்கு வலு எத்தனை?

பரிகாரம் விளங்காததன்று. முதலாவது, நகரத்தாரை உள்ளபடி எண்ணவேண்டும். குப்பத்தில் இருப்பவனையும், கழியின்மேல் இருப்பவனையும் விடாமல் எண்ணவேண்டும். இரண்டாவது, நெடுநாள் வசிப்பவருக்கு எளிய கட்டணத்தில், உள்ளூரிலேயே, நிலப் பத்திரம் வழங்கவேண்டும்; மண்ணுக்கும் நஷ்டஈடு உண்டென்ற 1921-ம் வருஷத்து நியாயத்தைச் சட்டத்தில் மீட்கவேண்டும். மூன்றாவது, குப்பத்தை இடித்துத் தூர அனுப்பாமல், இருக்கும் இடத்திலேயே குழாயும் சாக்கடையும் விளக்கும் கொண்டுவரவேண்டும். வழியில் குறுக்கிடும் சில வீடுகளை அகற்றவேண்டி வருமாயின், மாற்று வீட்டின் சாவியைக் கையில் கொடுத்த பிறகே சுவரைத் தொடவேண்டும். இவற்றுக்கு ஆகும் பொருள், கடலைத் தூர்த்து நகரம் எழுப்பும் தேசத்துக்கு எட்டாததன்று.

சுயராஜ்யம் என்பது கொடி மாறுவதோடு முடிவதன்று. அதிகாரியின் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு, இது எந்தச் சட்டப்படி என்று ஒரு மீனவன் கேட்கவும், அதற்கு விடை வரும்வரை அவன் வீட்டுக் கூரை நிற்கவும் வேண்டும். லாகோஸ் ஜனங்கள் அக்கேள்வியை 1921-லும் கேட்டனர், 1931-லும் கேட்டனர், 2017-லும் கேட்டனர். கேட்பதை அவர்கள் நிறுத்தவில்லை என்பதே நமக்கு ஆறுதல். அந்நகரம் யாருடையது என்ற வழக்கில் தீர்ப்பு எப்பொழுதோ ஆகிவிட்டது. நிறைவேற்றுவதுதான் பாக்கி.